கும்பிட்ட கல்லும் செதுக்கிய கல்லும்

கல்லைக் கண்டால் கைகூப்பும் நாடு நம் நாடு. அரசமரத்தடியிலே ஒரு கல் கிடந்தால் அதற்கு ஒரு பெயர் உண்டு. பெயர் வந்தால் பூசை உண்டு. பூசை வந்தால் பூசாரி உண்டு. பூசாரி கையிலே தட்டு உண்டு. தட்டிலே காசும் உண்டு! ஆனால் அந்தக் கல்லைக் கையில் எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, இதை இவ்வாறு செதுக்கியது யார், எதற்காக, எப்போது என்று கேட்கும் பழக்கம் மட்டும் நம்மிடையே இன்னும் வேர்கொள்ளவில்லை. அந்தப் பழக்கத்தை ஊட்டவல்ல கூடம் ஒன்று ஒரு சிற்றூரிலே இருக்கிறது. அதன் சிறப்பையும், அது நிறைவேற்ற வேண்டிய கடமையையும் ஆராய்வதே நமது நோக்கம்.

ஊர் பூண்டி, திருவள்ளூர் மாவட்டத்தது, சென்னையிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். கொசத்தலை ஆற்றின் குறுக்கே 1944-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட நீர்த்தேக்கத்தால் அவ்வூரின் பெயரைச் சென்னை அறியும். கோடை வந்துவிட்டால் பூண்டியின் நீர்மட்டம் எத்தனை அடி என்று நாளேடுகளைப் புரட்டிப் பார்க்காத சென்னைவாசி இல்லை. பூண்டியின் நீரைக் குடிப்பவர் பல இலட்சம். பூண்டியின் கல்லைப் பார்த்தவர் எத்தனை பேர்? ஏரிக்கரையிலே நின்று படம் எடுத்துக்கொண்டு, கட்டுச்சோற்றை உண்டு களித்துத் திரும்புவோரில் எத்தனை பேர், அதே ஊரில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் ஒன்று இருப்பதை அறிவர்?

பொன்னையும் மணியையும் தேடிச் செல்பவனுக்கு அங்கே ஏமாற்றமே காத்திருக்கிறது. மன்னன் அமர்ந்த அரியணையும் மாவீரன் ஏந்திய வாளும் அங்கே பேசப்படுவதில்லை. அங்கே பேசப்படுவது கல். ஆற்றுப்படுகையிலும் அல்லிக்குழி மலைச்சரிவிலும் கிடக்கும் குவார்ட்சைட் எனும் உறுதி மிக்க பாறையிலிருந்து தட்டிப் பெயர்த்து எடுத்த கைக்கோடாரியும் சுரண்டியும், பிற்காலத்து நுண்கற்கருவியும்தாம் அந்தச் சுற்றுவட்டாரத்தின் செல்வம். பார்ப்பதற்கு எளியவை, பொருளிலோ பேரரசுகளின் கருவூலங்களை வெல்பவை!

கல்லிலே எழுதிய கணக்கு

“உடைந்த கல்தானே! மலையிலிருந்து உருண்டு விழுந்தாலும் கல் உடையுமே!” என்று கேட்பார் உளர். கேட்கட்டும், கேள்விதான் அறிவின் தலைவாயில். ஒரு கைக்கோடாரியை உற்று நோக்குக. ஒரு முனை கூர்ந்திருக்கிறது. மறுமுனை உள்ளங்கைக்குள் அடங்கும் வண்ணம் திரண்டிருக்கிறது. முன்பக்கம், பின்பக்கம் இரண்டிலும் சில்லுகள் பெயர்ந்த தழும்புகள் வரிசையாக, ஒன்றன்மேல் ஒன்றாக விளிம்பை நோக்கிச் செல்கின்றன. பெயர்ந்த சில்லை எடுத்துப் பார்த்தால், அடி விழுந்த இடத்தை ஒட்டிச் சிறு புடைப்பு தெரிகிறது. உருண்டு விழுந்த கல் எங்கேனும் இரண்டு இடத்தில் உடையும். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்திருக்கும்படி இருபது, முப்பது இடங்களில் அளந்து உடைந்துகொள்ளாது. அங்கே ஒரு கை வேலை செய்திருக்கிறது. அந்தக் கைக்கு முன்பே ஒரு மூளை வேலை செய்திருக்கிறது. கல்லுக்குள் கருவி இருப்பதைக் கண் காண்பதற்கு முன்னரே கருத்துக் கண்டிருக்கிறது!

இதுவே பூண்டி தரும் முதற்பாடம்: உழைப்புத்தான் வரலாற்றின் முதல் எழுத்து. ஓலை பிறக்கவில்லை, ஓதுவார் பிறக்கவில்லை, மந்திரம் பிறக்கவில்லை. அதற்கு எத்தனையோ இலட்சம் ஆண்டுகட்கு முன்னரே உழைப்புப் பிறந்துவிட்டது. அக்கருவியைச் செய்தவனை ‘ஆதிமனிதன்’ என்று ஆண்பாலிலே சொல்லி உலகம் பழகிவிட்டது. செய்தவள் ஒருத்தி அல்லள் என்று சொல்ல எந்தச் சான்றும் இல்லை என்பதையும் நம் தோழியர் நினைவில் கொள்க.

பல்லாவரத்துச் சரளைக்குழி

இந்தக் கற்களின் பொருளை உலகிற்கு முதலில் உணர்த்தியவர் இராபர்ட் புரூசு பூட் எனும் ஆங்கிலேயர். இந்திய நிலப்பொதியியல் அளவைத் துறையில் பணியாற்றியவர். 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள், பல்லாவரத்தில் ஒரு சரளைக்குழியிலே செதுக்கப்பட்ட கல் ஒன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில், வில்லியம் கிங் எனும் தம் உடன்பணியாளருடன் சென்றபோது, பூண்டிக்கு அண்மையில் உள்ள அத்திரம்பாக்கத்தில் அத்தகைய கருவிகளைக் கண்டார். இந்தியத் துணைக்கண்டத்தின் பழைய கற்கால ஆய்வு அந்த இரண்டு தமிழ்நிலத்து ஊர்களில்தான் கண் திறந்தது.

அக்காலத்தை எண்ணிப் பாருங்கள். உலகம் கி.மு. 4004-இல் படைக்கப்பட்டது என்று அயர்லாந்துப் பேராயர் அஷர் போட்ட கணக்கை ஐரோப்பாவில் பலர் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. 1859-இல்தான் டார்வினின் உயிரினத் தோற்றம் பற்றிய நூல் வெளிவந்தது. அதே 1859-இல்தான், பிரான்சு நாட்டுச் சோம் ஆற்றுப் படுகையில் கிடைத்த கற்கருவிகள் அழிந்துபோன விலங்குகளின் காலத்தவை என்பதை ஆங்கில அறிஞர்கள் நேரிற்கண்டு ஒப்பினர். நான்கே ஆண்டுகளில் அந்த அறிவொளி பல்லாவரத்தை எட்டியது. பூட் பொறுக்கிய கல்லை அவருக்கு முன் எத்தனையோ பேர் மிதித்து நடந்திருப்பார்கள். மண்வெட்டியால் ஒதுக்கித் தள்ளியிருப்பார்கள். கண் எல்லார்க்கும் இருந்தது. கேள்வி ஒருவரிடம் இருந்தது! அவர் திரட்டிய தொகுப்பு இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பின்வந்த ஆய்வாளர்கள் இவ்வகைக் கைக்கோடாரி மரபிற்குச் சென்னையின் பெயரையே சூட்டினர்.

திரேதாயுகத்துக் கைக்கோடாரி

அத்திரம்பாக்கத்தின் கதை பூட்டோடு முடியவில்லை. 1999 முதல் அங்கே சாந்தி பப்பு தலைமையில் சர்மா மரபுக் கல்வி மையத்தினர் முறையாக அகழ்ந்து ஆராய்ந்தனர். பிரெஞ்சு அறிவியலார் சிலருடன் இணைந்து 2011-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. அடி அடுக்குகளில் கிடைத்த, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கருவிகளின் காலம் குறைந்தது 10 இலட்சம் ஆண்டுகட்கு முற்பட்டது. சராசரியாகக் கணித்தால் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள்!

எவ்வாறு அறிந்தனர்? அருள்வாக்குக் கேட்டு அறியவில்லை. ஏடு கட்டிப் பார்க்கவில்லை. வானிலிருந்து வரும் அண்டக்கதிர்கள் நிலத்தின் மேலே கிடக்கும் கல்லைத் தாக்கும்போது, அதிலுள்ள படிகத்தில் அலுமினியம்-26, பெரிலியம்-10 எனும் இருவகை அணுக்கள் உண்டாகின்றன. கல் ஆழப் புதைந்துவிட்டால் புதிதாக அவை உண்டாவது நின்றுவிடும். இருப்பவை சிதைந்து குறையும். அலுமினியம் விரைந்து குறையும், பெரிலியம் மெல்லக் குறையும். இரண்டும் இப்போது என்ன விகிதத்தில் எஞ்சியுள்ளன என்று அளந்தால், கல் புதைந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்பது வெளிப்படும். இதனோடு, மண் அடுக்குகளில் பதிந்திருக்கும் நிலக்காந்தத்தின் திசையையும் ஆராய்ந்தனர். ஏறத்தாழ 7,80,000 ஆண்டுகட்கு முன் நிலக்காந்தம் திசை மாறியது. அத்திரம்பாக்கத்து அடி அடுக்குகள் மாறுவதற்கு முற்பட்ட திசையைக் காட்டின. ஒரு சான்றை இன்னொரு சான்று தாங்கி நின்றது. இதற்குப் பெயர்தான் அறிவியல்!

இங்கே ஒரு வேடிக்கை. இலட்சக்கணக்கில் ஆண்டுகளைச் சொன்னவுடன், “பார்த்தீரா! எங்கள் புராணங்கள் அன்றே சொல்லிவிட்டன!” என்று துள்ளிவரும் பண்டிதர்கள் உண்டு. நல்லது, அவர்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். கலியுகத்தில் கழிந்தது ஐயாயிரத்துச் சொச்சம் ஆண்டுகள். அதற்கு முன் துவாபரயுகம் 8,64,000 ஆண்டுகள். அதற்கும் முன் திரேதாயுகம் 12,96,000 ஆண்டுகள். கூட்டிப் பாருங்கள்: 15 இலட்சம் ஆண்டுகட்கு முற்பட்ட காலம் நேரே திரேதாயுகத்துக்குள் போய் விழுகிறது! பொன்முடியும் மணிமாடமும் புட்பக விமானமும் இருந்ததாகக் கதைக்கப்படும் அதே யுகம்! மண்ணைத் தோண்டினால் கிடைத்தது என்ன? விமானத்தின் ஆணியா? வில்லின் நாணா? கைக்கோடாரி ஐயா, கைக்கோடாரி!

இதைவிட ஆழமான முரண் ஒன்றும் உண்டு. புராணக் கணக்கின்படி மனிதன் முதல் யுகத்தில் மிக உயர்ந்தவன். யுகத்துக்கு யுகம் தேய்ந்து இன்று கலியிலே கீழானவன். கற்கள் சொல்வதோ நேர்மாறு. அடியிலே பருத்த கைக்கோடாரிகள். அவற்றுக்கு மேலே, கல்லை முதலில் திட்டமிட்டுச் சீர்ப்படுத்திப் பிறகு ஒரே தட்டில் விரும்பிய வடிவச் சில்லைப் பெயர்க்கும் நுட்பம். அதன்பின் விரல்நுனியளவு நுண்கருவிகள். கற்கள் காட்டுவது ஏற்றம்; புராணம் ஓதுவது இறக்கம். பொற்காலம் பின்னால் போய்விட்டது என்று நம்புகிறவன் பழைமைக்கு அடிமை ஆவான். மனிதன் தன் கையால் தன்னை உயர்த்திக்கொண்டான் என்று அறிகிறவன் நாளைக்கு உழைப்பான். ஒரு சிற்றூர்க் கூடத்தின் சில கற்களிலே இந்தப் பெரும்போர் நடந்துகொண்டிருக்கிறது!

நம் மேடையை நோக்கி ஒரு கேள்வி

புராணிகரைக் கேட்டுவிட்டோம், தோழர்கள் கைதட்டுவார்கள். அடுத்து நம்மையே கேட்க வேண்டும். கல்லுக்கும் மண்ணுக்கும் முன்பே தோன்றிய குடி நம் குடி என்று மேடைதோறும் முழங்குகிறோமே, அது வரலாறா? பழம்புலவன் ஒருவனின் உயர்வுநவிற்சி. மறக்குடியின் தொன்மையை வியந்து பாடியது. பாட்டாக அதைச் சுவைப்போம், பட்டயமாக நீட்டலாமா?

அத்திரம்பாக்கத்துக் கருவிகளைக் காட்டி, “15 இலட்சம் ஆண்டுகட்கு முன்பே தமிழன்!” என்று பேசுவோரை நாம் கேட்டிருக்கிறோம். அது பிழை. நம்மைப் போன்ற மனித இனத்தின் மிகப் பழைய எலும்புகள் ஆப்பிரிக்காவில், மொராக்கோ நாட்டில் கிடைத்தவை. அவற்றின் காலம் ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகளே. 15 இலட்சம் ஆண்டுகட்கு முன் கொசத்தலைக் கரையில் கல் செதுக்கியோர் நம் இனத்துக்கும் முந்திய மாந்தர். அவர்கள் எலும்பு ஒன்றும் அங்குக் கிடைக்கவில்லை. அவர்கள் பேசினரா, பேசினால் எவ்வாறு பேசினர் என்பதற்கு ஒரு கல்லும் சாட்சி சொல்லாது. அவர்களுக்குத் தமிழர் என்று பெயர் சூட்டுவது, அரசமரத்தடிக் கல்லுக்குப் பெயர் சூட்டுவதற்கு எவ்வகையிலே மேலானது? கும்பிடும் கை மாறிற்று. கும்பிடும் பழக்கம் மாறவில்லை என்றல்லவோ பொருள்!

இதே வடிவக் கைக்கோடாரி கென்யாவில் 17 இலட்சம் ஆண்டுகட்கு முற்பட்ட மண்ணிலும் கிடைத்திருக்கிறது. பிரான்சிலே செயிண்ட் அசூல் எனும் இடத்தின் பெயரால்தான் அம்மரபை உலகம் ‘அசூலியன்’ என்கிறது. கருநிறத்தார் மண்ணிலும் வெண்ணிறத்தார் மண்ணிலும் நம் மண்ணிலும் ஒரே வடிவம்! முகத்திலே பிறந்தவன், தோளிலே பிறந்தவன், காலிலே பிறந்தவன் என்று மனிதனைக் கூறுபோட்ட கதைக்கு இதைவிடக் கூரிய மறுப்பு எது? தமிழனின் தனிப்பெருமை என்று சுருக்கினால் அக்கல் சிறுத்துப்போகும். மனிதகுலத்தின் பொதுச்சொத்து, அது நம் மண்ணிலே காக்கப்படுகிறது என்று சொன்னால் அக்கல்லும் உயரும், நாமும் உயர்வோம்.

கீழடியை நாம் போற்றுகிறோம். 2023-ஆம் ஆண்டு மார்ச்சு 5-ஆம் நாள் அங்கே 18 கோடி உருபாய்க்கு மேற்பட்ட செலவில் எழிலார்ந்த அருங்காட்சியகம் திறக்கப்பட்டதைக் கண்டு மகிழ்ந்தோம். எழுத்தறிந்த, ஓடுகளில் தம் பெயரைக் கீறி வைத்த மக்களின் நகர வாழ்வு அங்கே கண்முன் நிற்கிறது. கீழடி அகழாய்வறிக்கையைத் திருத்தித் தருமாறு ஒன்றியத் தொல்லியல் துறை 2025-இல் கேட்டபோது, சான்றை மறைக்காதே என்று தமிழகம் குரல் எழுப்பியது, நியாயமான குரல். ஆனால் சான்றைக் காட்டு என்று பிறரிடம் கேட்கும் உரிமை, சான்றுக்கு மேல் ஒரு சொல்லும் தான் பேசாதவனுக்கே முழுமையாக உண்டு. கீழடியின் 2,600 ஆண்டுகளைப் போல் ஐந்நூறு மடங்குக்கும் மேற்பட்ட தொன்மை பூண்டியிலே இருக்கிறது. எனினும் கீழடியைப் பாடும் வாய் பூண்டியைப் பாடுவதில்லை. காரணம் என்ன? கீழடியில் நம் பெயர் இருக்கிறது, பூண்டியில் இல்லை. நம் பெயர் இல்லாத வரலாற்றின்மீது நமக்கு ஆர்வம் இல்லையெனில், நாம் தேடியது அறிவா, கண்ணாடியா?

கூடம் செய்ய வேண்டுவன

இனி, இத்தகைய சிற்றூர்க் கூடங்களைப் பற்றி நாம் வைக்கும் குறைகளும் கோரிக்கைகளும் சில.

முதலாவது, பெயர்ச்சீட்டு மட்டும் போதாது. ‘கைக்கோடாரி, பழைய கற்காலம்’ என்று நான்கு சொல் எழுதிக் கண்ணாடிக்குள் வைத்தால், பார்ப்பவன் நம்பிவிட்டுப் போவான். அல்லது நம்பாமல் போவான். இரண்டும் ஒன்றே! “இஃது எப்படித் தெரியும்?” என்ற கேள்விக்கு விடை அந்தச் சீட்டிலே இருக்க வேண்டும். இயற்கையில் உடைந்த கல்லையும் கை உடைத்த கல்லையும் அருகருகே வைத்து, வேறுபாட்டை நீயே கண்டுபிடி என்று சொல்ல வேண்டும். முடிவை மட்டும் தருவது கோயில். வழியையும் தருவதே அருங்காட்சியகம்.

இரண்டாவது, மாறிய கருத்துகளையும் காட்ட வேண்டும். கல்லைச் சீர்ப்படுத்திச் சில்லெடுக்கும் நுட்பம் இந்தியாவுக்கு ஏறத்தாழ 1,25,000 ஆண்டுகட்கு முன்பே வந்தது என்று அறிஞர் பலர் கருதியிருந்தனர். 2018-இல் வெளியான அத்திரம்பாக்கத்து முடிவு, அது அங்கே ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகட்கு முன்பே தொடங்கியது என்றது. உலக அரங்கிலே அதன்மீது வாதம் நிகழ்ந்தது. வாதம் நிகழ்வதே வளர்ச்சி. நேற்றுச் சொன்னதை இன்று சான்று கண்டு மாற்றிக்கொள்ள மதம் அஞ்சும், அறிவு அஞ்சாது. இதை இளைஞர்க்குக் காட்ட இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு நம் நாட்டிலே உண்டா?

மூன்றாவது, உயிரோடிருப்பவரைத் தொல்பொருளாக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். இந்நாட்டு அருங்காட்சியகங்களிலே கற்காலக் கருவிக்கு அடுத்த அறையில் பழங்குடி மக்களின் கூடையையும் கண்ணியையும் வைத்து, அவர்களும் கற்காலத்தின் எச்சமே என்று எண்ணவிடும் போக்கு நெடுநாளாக உண்டு. பூண்டியைச் சூழ்ந்த மாவட்டத்திலே வாழும் இருளர் நம் காலத்து மக்கள், நம்மோடு வாக்களிப்பவர்கள். பாம்பு பிடிக்கும் அவர்களது திறமையால் 1978-இல் உருவான கூட்டுறவுச் சங்கம் நஞ்சுமுறி மருந்துக்கு நஞ்சு எடுத்துத் தந்து எண்ணற்ற உயிர்களைக் காத்திருக்கிறது. அம்மக்களில் இருவர் 2023-இல் பத்மசிறீ விருது பெற்றனர். அவர்களுக்கு வேண்டியது கண்ணாடிப் பேழை அன்று. பட்டாவும் பள்ளியும் கூலியும் மதிப்பும்!

நான்காவது, பள்ளிகள் அங்கே செல்ல வேண்டும். பாடநூலிலே அத்திரம்பாக்கத்தின் பெயர் இருக்கிறது. மாணவர் அதை மனப்பாடம் செய்து தேர்விலே எழுதி மதிப்பெண் பெறுகின்றனர். வகுப்பறையில் நின்று பாடம் சொல்லும் நாம் நாள்தோறும் காண்கிறோம்: பெயர் தெரிந்த பிள்ளைக்குப் பொருள் தெரிவதில்லை. ஒரு கூழாங்கல்லைக் கொடுத்து, இன்னொரு கல்லால் தட்டி ஒரு கூர்விளிம்பு எடுத்துக் காட்டு என்று சொல்லுங்கள். விரல் நசுங்கும், கல் உடையாது, உடைந்தாலும் நினைத்தபடி உடையாது. அரைமணி நேரத்தில் அந்தப் பிள்ளை, ‘காட்டுமனிதன்’ என்று தான் எள்ளியவரின் அறிவுக்குத் தலைவணங்கும். அந்த வணக்கம் மூடப்பழக்கம் ஆகாது. உழைப்புக்கு உழைப்புத் தரும் மரியாதை அது.

பூண்டிக்கு அண்மையிலே கூடியம் குகைகள் உள்ளன. கற்கால மாந்தர் தங்கிய நிலப்பகுதி. அங்கும் ஒரு வழிபாட்டிடம் முளைத்திருக்கிறது! கற்பூரம் ஏற்றக் குகை தேடிச் செல்பவர் செல்லட்டும். அவரைத் தடுக்க நாம் தடியெடுக்கவில்லை. அதே பாதையில் கேள்வி ஏந்திச் செல்பவரின் எண்ணிக்கை பெருக வேண்டும் என்பதே நம் வேட்கை.

தோழர்களே! கும்பிட்ட கல் நமக்கு ஒன்றும் சொல்லவில்லை. நாம்தான் அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தோம்: குறையை, கண்ணீரை, வேண்டுதலை. செதுக்கிய கல்லோ கேட்பவர்க்கெல்லாம் விடை சொல்கிறது. தன்னைச் செய்தவரின் கைத்திறனைச் சொல்கிறது; தான் புதைந்த காலத்தைச் சொல்கிறது; கதை எது, சான்று எது என்று பிரித்துக் காட்டுகிறது. அடுத்த விடுமுறையிலே ஏரியைக் காணச் செல்லும் இளைஞர்கள் அந்தச் சிறு கூடத்தின் படியையும் ஏறுக. வெளியே வரும்போது பழம்பெருமையைச் சுமந்து வர வேண்டா. ஒரு கேள்வியைச் சுமந்து வருக. பதினைந்து இலட்சம் ஆண்டுகட்கு முன் ஒரு கை கல்லைத் தட்டியபோது தெறித்தது சில்லு மட்டும் அன்று, சிந்தனையும் அன்றோ!